அலைச்சறுக்குப் பலகை

தாம்பரத்தில் வாழ்பவர்க்குக் கடல் எட்டாத தொலைவில் இல்லை. பெருங்களத்தூரைக் கடந்து வண்டலூரில் கிழக்கே திரும்பினால், கேளம்பாக்கம் செல்லும் சாலை தொடங்குகிறது. மாம்பாக்கமும் புதுப்பாக்கமும் பின்செல்ல, உப்புக் காற்று முகத்தில் வீசும். உப்பளங்களும் கழியும் தோன்றும். கழியைக் கடந்தவுடன் கோவளம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர்ப் பயணமே. எனினும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை முதலிய ஊர்களில் வளரும் சிறுவர் பலர், கடலைக் கரையில் நின்று கண்டிருப்பரேயன்றி, அதனுள் இறங்கிப் பழகியிருக்கமாட்டார். அவை ஏரி சூழ்ந்த ஊர்கள். கடல் அவ்வூரார்க்கு விடுமுறை நாட் காட்சி.

விடியற்காலையில் கோவளக் கரைக்குச் செல்பவர் வேறொரு காட்சியைக் காண்பர். ஒருபுறம் இரவெல்லாம் கடலில் உழைத்த படகுகள் கரையேறும். மறுபுறம் சிறுவரும் சிறுமியரும் நீண்ட பலகைகளைச் சுமந்துகொண்டு கடலை நோக்கி நடப்பர். அலை எழுந்து வரும்பொழுது அவர்கள் பலகைமேல் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளுவர். அலை பற்றியதும் துள்ளி எழுந்து நிற்பர். பலகை கரையை நோக்கிப் பறந்து வரும். இதுவே அலைச்சறுக்கு. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012ஆம் ஆண்டில் இவ்வூரில் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மீனவச் சிறுவர்களுக்கு இக்கலையைப் பயிற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2013இல் அங்கு அலைச்சறுக்கு விழாவும் தொடங்கிற்று. பின்னர், 2023ஆம் ஆண்டில் தெற்கேயுள்ள மாமல்லபுரத்தில் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றது. 2025 ஆகஸ்டில் அவ்வூரிலேயே நடந்த ஆசியப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

இமயமலையின் குல்மார்க்கிலும் ஔலியிலும் இளைஞர்கள் ஒற்றைப் பலகைமேல் நின்று பனிச்சரிவில் சறுக்குவதைப் படங்களில் கண்டிருக்கலாம். அந்தப் பனிப்பலகை, கடற்பலகையின் வழித்தோன்றலே. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் பெண்மக்கள் விளையாடுவதற்காகப் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டை ஒன்றாக இணைத்துக் கொடுத்தார். கடலலைமேல் நிற்பது போலவே பனிமேல் நிற்கலாம் என்பது அவர் எண்ணம். ஆயினும் ஒலிம்பிக் அரங்கில் தாய்க்கு முன்னே மகள் ஏறினாள். பனிப்பலகை 1998இல் நகானோவில் இடம்பெற்றது. கடற்பலகை 2021இல் நடைபெற்ற டோக்கியோ விளையாட்டிலேதான் இடம்பெற்றது. இரண்டிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பனியில் கால்கள் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். பயில்பவர் தம் முகவாய் அளவு உயரமுள்ள குறும்பலகையைக் கொள்வர். கடலிலோ கால்கள் கட்டின்றி இருக்கும். பலகை ஆளைவிட நீண்டிருத்தல் வேண்டும். ஏன் என்பதைச் சற்றுப் பின்னர்க் காணலாம்.

அலைமேல் ஏறிக் கரை சேர்வது சோழமண்டலக் கரையினர்க்குப் புதிய செய்தி அன்று. எடை குறைந்த மரக்கட்டைகள் சிலவற்றை ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்துச் செய்ததே கட்டுமரம். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில், இக்கரையில் வழங்கிய இப்பெயரைக் குறித்துள்ளார். அப்பெயர் பின்னர் உலக மொழிகள் பலவற்றிலும் புகுந்தது. கட்டுமரத்திற்கு உட்குழிவு இல்லை. ஆகையால் நீர் நிறைந்து அமிழ்வதும் இல்லை. அதன் முன்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையில் முகம் புதையாதிருக்க அவ்வளைவு உதவும். மீன்பிடித்துத் திரும்பும் மீனவர், தக்க அலை வரும்வரை காத்திருந்து, அதன் முதுகில் ஏறிக் கரைக்கு வருவர். கரையேறிய பின்னர்க் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை உலர்த்துவர். நீர் குடித்த மரம் கனத்துவிடும் அன்றோ? மிதப்பு, முன்வளைவு, உலர்த்தல் ஆகிய இம்மூன்றும் அலைச்சறுக்குப் பலகைக்கும் அப்படியே பொருந்துவன.

தாம்பரத்துப் பள்ளியொன்றில் பயிலும் ஒரு மாணவனைக் கருதுக. வயது 15, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், எடை 50 கிலோகிராம். அலைச்சறுக்கு வீரர்களைப் படத்தில் கண்டு அவனுக்கும் ஆர்வம் பிறக்கிறது. கடைக்குச் சென்றால் அவன் கண் எப்பலகையை நாடும்? படத்தில் கண்ட பலகையையே நாடும். அது ஆறடிக்கும் குறைவானது; முனை கூரியது; மெல்லியது; கண்ணாடி போல் பளபளப்பது. அருகில் ஓர் எட்டடிப் பலகை, தடித்து, மழுங்கி, மெத்தை போன்ற மேற்புறத்தோடு கிடக்கும். அதனை அவன் குழந்தைகளுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுவான். தொடக்கத்திலேயே பலரும் செய்யும் பிழை இதுதான். இப்பிழையால் பணம் வீணாவதோடு, கற்கும் ஆர்வமும் மாய்ந்துபோகிறது. சிலபோது தலையும் உடைகிறது.

இதன் காரணத்தை அறிவியல் வகுப்பில் கற்ற ஆர்க்கிமிடீசின் விதியே விளக்கும். நீரில் அமிழும் பொருள், தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிலோகிராம். பலகை எவ்வளவு பருமன் உடையது என்பதை லிட்டர்க் கணக்கில் குறிப்பது வழக்கம். வீரர் பயன்படுத்தும் சிறு பலகையின் பருமன் 28 லிட்டர் என்றும், எடை 3 கிலோகிராம் என்றும் கொள்க. முழுதும் அமிழ்ந்தால் அது விலக்கும் நீர் 28.7 கிலோகிராம். பலகையின் எடை போக, அது தாங்கவல்ல சுமை 26 கிலோகிராமிற்கும் குறைவே. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் அதன்மேல் படுத்தால், அவன் மார்பும் வயிறும் நீரில் அமிழ்ந்த பின்னரே சமநிலை உண்டாகும். நின்றாலோ, பலகை அவனோடு நீருக்குள் போய்விடும்.

அப்படியானால் வீரர் மட்டும் எவ்வாறு நிற்கிறார்? விரைவே அவரைத் தாங்குகிறது. அலையின் சரிவில் விரைந்து இறங்கும் பலகையின் அடிப்புறம் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நீர் அதனை மேல்நோக்கித் தள்ளுகிறது. தட்டையான கல்லைச் சாய்த்து எறிந்தால் ஏரிநீரில் தத்திச் செல்வதும் இவ்வகையே. கல்லின் விரைவு அடங்கியதும் அது அமிழ்ந்துவிடும். வீரர் தம் கை வலிமையாலும், அலையை அறிந்த அறிவாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து நிற்கும் பயிற்சியாலும் அவ்விரைவை அடைகிறார். தொடங்குபவனுக்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே விரைவு தராத மிதப்பைப் பலகையே தரவேண்டும்.

இனி, 60 லிட்டர்ப் பருமனும் 6 கிலோகிராம் எடையும் உள்ள பலகையைக் காண்க. அது விலக்கும் நீர் 61.5 கிலோகிராம், தன் எடை போக 55 கிலோகிராமிற்குச் சற்று மேற்பட்ட சுமையைத் தாங்கும். நம் மாணவன் அதன்மேல் படுத்தால் உடல் நனையாமல் மிதக்கும். அலை ஓய்ந்த இடத்திலும் அவன் அதன்மேல் உட்காரலாம். தொடங்குபவர்க்கு, தம் எடை எத்தனை கிலோகிராமோ அத்தனை லிட்டருக்குக் குறையாத பலகை வேண்டும். சற்று மிகுந்திருப்பதே நன்று. தேர்ந்த வீரர்க்கு இதிற் பாதிக்கும் குறைவே போதும். இக்கணக்கு ஒன்றை மனத்திற் கொண்டால், கடைக்காரர் கூறும் புகழுரைகளில் பெரும்பகுதி தேவையற்றதாகிவிடும்.

பருமன் ஒன்றானாலும், அது எவ்வாறு பரவியிருக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. நீளம் மிகுந்த பலகை எளிதில் வழுக்கிச் செல்லும். மெல்லிய அலையும் அதனைப் பற்றிக்கொள்ளும். அகலம் மிகுந்த பலகை பக்கவாட்டில் உருளாது. தொடங்குபவன் தன் உயரத்தினும் இரண்டடி முதல் மூன்றடி வரை நீண்ட பலகையைக் கொள்ளலாம். நம் மாணவனுக்கு எட்டடி பொருந்தும். அகலம் 22 அங்குலம் அளவிலும், தடிப்பு 3 அங்குலம் அளவிலும் இருக்கலாம். முனை அகன்றும் உருண்டும் இருத்தல் வேண்டும். பலகையைத் தரையில் வைத்துப் பக்கத்திலிருந்து நோக்கினால், முன்னும் பின்னும் மேலெழும் வளைவு தெரியும். வளைவு மிகுந்தால் செங்குத்தான அலையில் முகம் புதையாது. ஆனால் ஓட்டம் குறையும். கோவளத்து மணற்கரையில் உடைந்து நுரையாகி வரும் சிற்றலைகளுக்குச் சிறு வளைவே போதும். நிறமும் படமும் அவரவர் விருப்பம்.

பலகை எதனால் ஆயது என்பது இன்னும் இன்றியமையாதது. பழங்காலத்து ஹவாய்த் தீவினர் மரத்தைச் செதுக்கிப் பலகை செய்தனர். அவை மிகக் கனமானவை. இக்காலப் பலகைகளுள் ஒருவகை, நுரைப்பொருளின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசி இறுக்கப்பட்டது. அது வன்மையும் விரைவும் உடையது. மற்றொரு வகையில், மேற்புறமும் விளிம்பும் மென்மையான நுரைத்தகட்டால் போர்த்தப்பட்டிருக்கும். அலைச்சறுக்கில் உண்டாகும் காயங்களில் பெரும்பாலானவை சுறாவாலோ பாறையாலோ நேர்வன அல்ல. தன் பலகையே தன்னைத் தாக்குவதால் நேர்வன. தொடங்குபவன் ஒரு காலைப் பொழுதில் பத்து முறை எழுந்தால் இருபது முறை விழுவான். விழும்பொழுது தலைமேல் விழுவது மெத்தையா, கூரிய விளிம்பா என்பதை முன்னரே முடிவு செய்துகொள்வது நல்லது. அருகில் நீராடும் குழந்தைகளின் நலனும் அம்முடிவில் அடங்கியுள்ளது.

பலகையின் விலை பல ஆயிரம் ரூபாய். ஆகையால் முதல் நாளே வாங்க வேண்டுவதில்லை. பயிற்சிப் பள்ளிகளில் பலகையைப் பள்ளியாரே தருவர். சில வாரங்கள் அவற்றில் பழகிய பின்னர், எந்த அளவு தனக்கு ஏற்றது என்பது தானே விளங்கும். பழைய பலகையை விலைக்குக் கொள்பவர் நான்கு இடங்களைச் சோதிக்க வேண்டும். முதலில், மேற்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே செல்லுதல் வேண்டும். உள்ளே காற்றுப்புகுந்த இடம் பொதபொதவென அமுங்கும். பிறகு துடுப்புகள் பொருந்தும் குழிகளில் விரிசல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். கயிறு கட்டும் குழியை இழுத்துப் பார்த்தல் வேண்டும். இறுதியாகப் பலகையைத் தூக்கி, அதே அளவுள்ள புதிய பலகையோடு எடையை ஒப்பிடுதல் வேண்டும். கனம் மிகுந்திருந்தால் அது நீர் குடித்த பலகை. குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் கொள்ளத் தக்கதன்று.

பலகை கிடைத்தபின் அதனை அணியமாக்கும் வேலை தொடங்குகிறது. பலகையின் அடியில், வாற்பகுதியில், மீனின் துடுப்புப் போன்ற தகடுகள் பொருத்தப்படும். 1935ஆம் ஆண்டில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் பலகையின் அடியில் இத்தகைய தகட்டை முதன்முதலாகப் பொருத்தினார். அதற்கு முன்னர், பலகையின் வால் பக்கவாட்டில் வழுக்கிவிடுவது வழக்கமாயிருந்தது. இன்று பெரும்பாலும் மூன்று துடுப்புகள் உண்டு. நடுத்துடுப்பின் இருபுறமும் ஒரேபடியாக வளைந்திருக்கும். பக்கத் துடுப்புகளின் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் புடைத்தும் இருக்கும். தட்டையான புறம் உள்நோக்கி, நடுத்துடுப்பைப் பார்த்திருத்தல் வேண்டும். மூன்றின் நுனியும் வாலை நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். புதியவர் இதனைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, பலகை ஓடவில்லையே என்று கடலை நொந்துகொள்வதுண்டு. குழியில் மணல் இருந்தால் துடைத்துவிட்டுத் திருகாணியை இறுக்குக. அளவுமீறி முறுக்கினால் குழியே பெயர்ந்துவிடும். தொடங்குபவர்க்கு வளைந்துகொடுக்கும் மென்துடுப்புகளே ஏற்றவை. அவை தொடையைக் கீறா.

அடுத்தது கால்கயிறு. பலகையையும் பயில்பவனின் காலையும் இணைக்கும் கயிறு அது. அஃது இல்லாத காலத்தில், விழுந்தவர் பலகையைத் தேடிக் கரைவரை நீந்த வேண்டியிருந்தது. ஆளற்ற பலகையோ அலையோடு விரைந்து சென்று பிறரைத் தாக்கிற்று. 1970களின் தொடக்கத்தில் கால்கயிறு பரவத் தொடங்கியபொழுது, ரப்பர் போல் மிகவும் நீளும் குழாயைப் பயன்படுத்தினர். நீண்ட கயிறு சுருங்கியதும் பலகை வில்லிலிருந்து புறப்பட்ட அம்பெனத் திரும்பி வந்தது. அவ்வாறு வந்த பலகையால், கடலாடை செய்து புகழ்பெற்ற ஜாக் ஓநீல் என்பார் தம் இடக்கண்ணின் பார்வையை இழந்தார். பிற்காலத்தில் அவர் முகத்தில் அணிந்த கருந்துணி அவருடைய அடையாளமாகவே ஆயிற்று. இன்றைய கயிறுகள் அந்த அளவிற்கு நீள்வதில்லை. எனினும் விழுந்தபின் நீருக்கு மேல் எழும்பொழுது, இரு கைகளாலும் தலையையும் முகத்தையும் மறைத்துக்கொண்டே எழுதல் வேண்டும் என்னும் விதி இன்றும் மாறவில்லை.

கயிற்றின் நீளம் பலகையின் நீளத்திற்குச் சமமாக இருத்தல் வேண்டும். வாற்புறக் குழியில் ஒரு சிறுநூற்கயிற்றை வளையமாக முடிந்து, அதில் கால்கயிற்றின் பட்டையைக் கோத்து ஒட்ட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நூற்கயிற்றின் வளையம் பலகையின் விளிம்பைக் கடந்து வெளியே தொங்கலாகாது; தொங்கினால், இழுபடும்பொழுது மெல்லிய நூல் கத்திபோல் விளிம்பை அறுத்துவிடும். அகன்ற பட்டையே விளிம்பின்மேல் படிதல் வேண்டும். மறுமுனையைப் பின்னங்காலின் கணுக்காலில் கட்டுக. கட்டும் இடம் நீரின் ஓரமே. வீதியிலிருந்தே கட்டிக்கொண்டு நடப்பவர் தம் கயிற்றிலேயே தடுக்கி விழுவர். கயிற்றில் சிறு வெட்டு இருப்பினும் அதனை மாற்றிவிடுதல் வேண்டும்.

பின்னங்கால் எது? சிலர் இடக்காலை முன்வைத்து நிற்பர்; சிலர் வலக்காலை. இதில் உயர்வு தாழ்வு இல்லை. வழுக்கும் தரையில் ஓடிவந்து சறுக்கும்பொழுது எக்கால் தானாக முன்செல்கிறதோ அதுவே முன்னங்கால். நண்பன் ஒருவன் பின்னிருந்து மெல்லத் தள்ளினாலும், விழாமல் தாங்க முதலில் எடுத்துவைக்கும் கால் அதனைக் காட்டிவிடும். எழுதும் கையைக் கொண்டு இதனை முடிவு செய்தல் பெரும்பாலும் தவறாகும்.

பலகையின் மேற்புறம் வழுக்காதிருக்க மெழுகு பூசுவர். குளிர்நாட்டு மெழுகு இங்கே பயன்படாது. சென்னைக் கடல்நீரின் வெப்பம் பெரும்பாலும் 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருப்பதால், மென்மெழுகு உருகி வழிந்துவிடும். வெப்ப நாடுகளுக்கென்று செய்த கடினமான மெழுகையே கொள்ளுதல் வேண்டும். மார்பு படியும் இடத்திலும் கால் ஊன்றும் இடத்திலும் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் மெழுகு மணிமணியாக எழும்பும். அம்மணிகளே பிடிப்பைத் தருவன. அடிப்புறத்தில் பூசலாகாது. நுரைத்தகட்டுப் பலகைகள் சிலவற்றின் மேற்புறமே சொரசொரப்பாக இருக்கும். அவற்றிற்குச் சிறிதளவு போதும். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலுக்கு வருபவர்க்கு எம்மெழுகும் உதவாது.

கடலில் இறங்குமுன் மணலிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். துடுப்புகள் உடையாதவாறு மணலைச் சற்றுத் தோண்டிப் பலகையைக் கிடத்துக. அதன் நடுக்கோட்டின்மேல், கால்விரல்கள் வாலைத் தொடுமாறு படுத்துப் பார்க்க. பின்னர் ஆழமற்ற நீரில் இதனையே செய்க. முனை நீரிலிருந்து மூன்று நான்கு விரற்கடை உயர்ந்து நிற்பின் இடம் சரியானது. முன்னே நகர்ந்து படுத்தால் முனை நீரில் குத்தும்; பின்னே நகர்ந்தால் வால் அமிழ்ந்து, பலகை அலையைப் பற்றாமல் நின்றுவிடும். சரியான இடம் கிடைத்ததும், முகவாய் படியும் புள்ளியில் மெழுகால் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது நல்ல வழக்கம். புதியவன் எழ இயலாமல் தவிப்பதற்குக் கால் வலிமைக் குறைவைவிட இந்த மூன்றங்குலப் பிழையே பெரும்பாலும் காரணமாகிறது.

பலகை எவ்வளவு சிறந்ததாயினும், அது நீச்சலுக்கு ஈடாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கரைகளில் நீராட இறங்கியவர் உயிரிழந்தார் என்னும் செய்தி ஆண்டு தவறாமல் நாளேடுகளில் வருகிறது. மீனவச் சிறுவன் நடக்கக் கற்கும் நாளிலேயே நீரைக் கற்கிறான்; தாம்பரத்துச் சிறுவனோ அதனைக் குளத்தில் முறையாகக் கற்றபின்னரே கடலுக்கு வருதல் வேண்டும். கயிறு அறுந்தால் பலகை போய்விடும். அப்பொழுது துணை தன் கைகளே. பெற்றோர் அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர், ஏதேனும் ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியே ஆகவேண்டும். மணல்மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியே அது விரைந்து வெளியேறும். அவ்விடத்தில் அலைகள் குறைவாகவே உடையும். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். அறியாதவர், இதுவே தீங்கற்ற இடம் என்று எண்ணி அங்கேயே இறங்குவர். அந்நீரோட்டம் இழுத்துச் சென்றால் அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துதல் வீண், வலிமையெல்லாம் ஓய்ந்துவிடும். பலகையை விடாது பற்றி, அதன்மேல் படுத்து, கரைக்கு இணையாகத் தெற்கிலோ வடக்கிலோ நகர்ந்து, அலை உடையும் இடத்தை அடைந்து, அலையோடு திரும்புதல் வேண்டும். இயலாவிடின் ஒரு கையை உயர்த்திக் காட்டியபடி மிதந்திருக்கலாம். 60 லிட்டர்ப் பலகையின் பயன் அப்பொழுது நன்கு விளங்கும். தனியே கடலில் இறங்குதல் கூடவே கூடாது.

காலமும் அறிந்துகொள்ள வேண்டுவதே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளித்திருக்கும். அது தொடங்குபவர்க்கு உரிய காலம் அன்று. ஜனவரி முதல் மார்ச்சு வரை அலைகள் சிறியன. கோடையிலும் அதன் பின்னரும் தென்கடலிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வரும் அலைகள், ஒழுங்காக வரிசைவகுத்து எழும். தேர்ந்தவர் அவற்றிற்குக் காத்திருப்பர். நாளில் சிறந்த பொழுது விடியலே. அப்பொழுது நிலக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அலையின் முகம் வழவழப்பாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்றுத் தொடங்கியதும் நீர்ப்பரப்புக் கலைந்துவிடும். கோவளத்தில் கற்கள் நிறைந்த முனையை விடுத்து, மணலடி உள்ள இடத்தில், இடுப்பளவு நீரில் பயிற்சி தொடங்குதல் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் விரைவில் ஓடும். உடைந்த அலையின் நுரை பின்னாலிருந்து தள்ளும்பொழுது, கைகளின் உழைப்புச் சிறிதே இருப்பினும் பலகை ஓடத் தொடங்கும்.

நீருக்குள் பலகையை எப்பொழுதும் தன் பக்கத்தில் பிடித்தல் வேண்டும். தனக்கும் அலைக்கும் நடுவே குறுக்காகப் பிடித்தால், அலை அதனை நெஞ்சில் அறைந்துவிடும். விழ நேர்ந்தால் பலகையை விட்டு விலகி, உடலைத் தட்டையாகப் பரப்பி விழுக. தலைகீழாகப் பாய்தல் ஆழமற்ற கடலில் கழுத்தை முறிக்கும்.

கரையேறியதும் பலகையை நன்னீரால் கழுவி நிழலில் உலர்த்துவர். சென்னையின் மே மாத வெயிலில் மூடிய ஊர்திக்குள் வைத்த பலகை, உள்ளிருக்கும் காற்று விரிந்து, மேல்தகடு கொப்புளம் போல் எழும்பிக் கெட்டுவிடும். மெழுகும் உருகி இருக்கையெங்கும் படியும். துணியுறை ஒன்று இருந்தால் நன்று. இல்லையெனில் பழைய போர்வையே போதும். சிறு வெடிப்புத் தோன்றினால் அன்றே அதனை அடைத்தல் வேண்டும். நீர் புகுந்த நுரை எளிதில் உலராது. கால்கயிற்றைப் பலகையைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பதும் தகாது; மடிந்த இடத்தில் அது வலுவிழக்கும். இவ்வாறு பேணிய எட்டடிப் பலகை, வாங்கியவன் சிறு பலகைக்கு மாறிய பின்னரும், அவன் தம்பிக்கோ தங்கைக்கோ பல ஆண்டுகள் பயன்படும்.